பஞ்சத்துக்கு எத்தனை பெயர்

நான் வேலை பார்த்த நாளிதழில் இரவுப் பணிக்காரர்களுக்கு ஏஜென்சிச் செய்திகளைத் தமிழாக்குவதுதான் பாதி வேலை. டெலிபிரிண்டரில் சுருள் சுருளாக இங்கிலீஷ் வந்து விழும். வேண்டியதைக் கிழித்தெடுத்து, முதல் பதிப்பு அச்சுக்குப் போவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். தேர்தல், விபத்து, கிரிக்கெட் எல்லாம் சரளமாக வந்துவிடும். இல்லாமையைப் பற்றிய செய்திகளில்தான் பேனா நிற்கும். ஷார்ட்டேஜ், ஸ்கேர்சிட்டி, டெஃபிசிட், டெஃபிசியன்சி, டெர்த், பாசிட்டி, மீகர், ஸ்கேன்டி, இனாடிக்வேட், இன்சஃபிஷியன்ட் என்று ஒரே செய்தியில் நாலைந்து சொல் வரும். அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் குறைவு, போதாமை, பற்றாக்குறை என்று அதே மூன்று பதில்கள் இருக்கும்.

மூத்தவர்கள் வாய்வழியாக ஒரு வரிசை வைத்திருந்தார்கள். சர்க்கரை, மண்ணெண்ணெய், சிமென்ட் என்றால் தட்டுப்பாடு. பட்ஜெட் என்றால் பற்றாக்குறை. மழை என்றால் வறட்சி. உடம்பில் இரும்புச்சத்து என்றால் குறைபாடு. மருத்துவமனையில் கட்டிலோ பள்ளியில் ஆசிரியரோ என்றால், போதவில்லை. கணக்கில் பணமில்லாமல் காசோலை கொடுப்பதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1989 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, அதிலிருந்த 'இன்சஃபிஷியன்சி ஆஃப் ஃபண்ட்ஸ்' என்ற தொடரை வைத்துக்கொண்டு மேசையில் வெகுநேரம் பேச்சு நடந்தது. 'போதிய பணமின்றி' என்று போட்டோம். வாசகர்கள் 'செக் பவுன்ஸ்' என்றே சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு சொல்லுக்கு மட்டும் தடை இருந்தது. பஞ்சம். கிராமத்துப் பெயர் போட்டு, ஆடுமாடு விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போகிறார்கள் என்று எங்கள் நிருபரே எழுதி அனுப்பியிருந்தாலும் தலைப்பில் அந்தச் சொல் வராது. "தம்பி, பஞ்சம்னு நீங்களா எழுதிடாதீங்க. கவர்மென்ட் சொல்லியிருக்கான்னு பாருங்க" என்பார் செய்தி ஆசிரியர். கோபமாகச் சொல்ல மாட்டார். மருத்துவர் சீட்டில்லாமல் மருந்து தர முடியாது என்று சொல்கிற கடைக்காரரைப் போலச் சொல்வார்.

எனக்கு அது ஒப்பவில்லை. நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு மேற்கேயும் கிழக்கேயும் பார்த்துக்கொண்டிருப்போம். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்தால் வீட்டில் நெல். இல்லையென்றால் பயிர் சாவியாகப் போகும். அப்பா கரிமூட்டம் போடப் போவார், பெரியப்பா மதுரைக்கு மூட்டை தூக்கப் போவார். அப்படிப் போன வருஷங்களுக்கு எங்கள் ஊரில் வேறு பெயரே கிடையாது. அதைப் பஞ்சம் என்று சொல்ல யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

ஆனால் எங்கள் அப்பத்தா வீட்டுக்குள் இல்லை என்ற சொல்லைச் சொல்லவிட மாட்டாள். அரிசிப் பானை காலியானால் "அரிசி நெறஞ்சிருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். உப்புக்கும் எண்ணெய்க்கும் அப்படியே. நாங்கள் சிறுபிள்ளைகள் வாய்தவறித் "தீந்துபோச்சு" என்றால் அடி விழும். அவளே தாது வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதையும் மறைக்க மாட்டாள். அவள் பிறப்பதற்கு முன் நடந்தது அது. அவளுடைய ஆத்தா சொல்லிக் கேட்டது. எறும்புப் புற்றை வெட்டி எறும்பு சேர்த்துவைத்த தானியத்தை எடுத்துப் புடைத்தது, கற்றாழைக் கிழங்கைப் பலமுறை தண்ணீர் மாற்றி வேகவைத்துத் தின்றது, கைப்பிள்ளையைச் சாவடியில் விட்டுவிட்டுப் போனவர்கள். வீட்டுப் பானையில் இல்லாததைச் சொல்லக் கூடாது; ஊருக்கே இல்லாமல் போனதைச் சொல்லாமல் விடக் கூடாது. இரண்டையும் அவள் ஒரே உறுதியோடு கடைப்பிடித்தாள்.

செய்தி ஆசிரியரின் தடைக்குக் காரணம் தேடி ஓய்வு நாட்களில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே உட்கார்ந்து படித்தபோது இந்த இங்கிலீஷ் சொற்கள் எனக்கு வேறு மாதிரி தெரியத் தொடங்கின.

ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' நூலில் தானிய வியாபாரத்தைப் பற்றி ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. டெர்த் வேறு, ஃபேமின் வேறு என்று அதில் கோடு போடுகிறார். விளைச்சல் குறைந்து விலை ஏறுவது டெர்த். அரசாங்கம் உள்ளே புகுந்து விலையை அடக்கப் பார்ப்பதால்தான் அது ஃபேமினாக முற்றுகிறது என்பது அவர் கட்சி. டெர்த் என்ற சொல்லே விலை கூடுதல் என்று பொருள்படும் டியர் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். சரியாக நூறு வருஷம் கழித்து, 1876இல், அப்பத்தா சொன்ன அந்தத் தாது வருஷத்தில், சென்னை மாகாணத்தில் வடகிழக்குப் பருவமழை தவறியது. வைஸ்ராய் லிட்டன் அந்தப் பாடத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். சந்தையில் கைவைக்கக் கூடாது என்று உத்தரவு. தானியம் இருந்தது, ரயிலில் வந்தது, கப்பலில் ஏறி வெளியேயும் போனது. வாங்கக் காசில்லாதவர்கள் செத்தார்கள். 1876 முதல் மூன்று வருஷங்களில் பிரிட்டிஷ் இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு.

1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைச் செலவைக் குறைக்கச் சொல்லிச் சென்னைக்கு அனுப்பினார்கள். நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அதற்குமேல் ஒரு சிறு காசும் போதும் என்று அவர் நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், உழைக்கிற உடம்பு இதில் நிற்காது என்று எடைக்கணக்கும் சாவுக்கணக்கும் காட்டி வாதாடினார். அதே ஆண்டில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். கார்னிஷின் பெயரை நம் பாடப்புத்தகத்தில் நான் பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டும். 'போதும்' என்று ஒரு மேலதிகாரி எழுதிய இடத்தில் 'போதாது' என்று எழுதிய அதிகாரி அவர்.

சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தில் நிவாரணக் கூலிக்கு வந்தவர்கள் வெட்டியது. இன்று அதன்மேல் பறக்கும் ரயில் போகிறது. அதில் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு பவுண்டு நினைவுக்கு வரும்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு ஒரு பஞ்ச ஆணையம் அமைத்தார்கள். 1880இல் அது அறிக்கை தந்தது. அதிலிருந்து மாகாணம்தோறும் பஞ்ச விதித்தொகுப்புகள் பிறந்தன. ஸ்கேர்சிட்டி ஒரு படி, ஃபேமின் அதற்கு மேல்படி என்று சர்க்கார் ஏற்றுக்கொண்டது அப்போதுதான். ஒரு வட்டாரம் எந்தப் படியில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு டெஸ்ட் ஒர்க்ஸ் என்று ஒன்றை வைத்தார்கள். ஓரிடத்தில் ரோடு போடவோ குளம் வெட்டவோ வேலையைத் திறப்பது; கடினமான வேலை, குறைந்த கூலி. அந்தக் கூலிக்கும் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்து நின்றால் பட்டினி உண்மை. வராவிட்டால் இன்னும் தாங்குகிறார்கள் என்று பொருள். பசி இருக்கிறது என்பதை வாயால் சொன்னால் போதாது. கல் உடைத்து நிரூபிக்க வேண்டும். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தொகுப்பு வெறும் காகிதம் அல்ல. பஞ்சம் என்று அறிவித்தால் சர்க்கார் இன்னின்னதைச் செய்தே ஆக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வேலை தர வேண்டும், வேலை செய்ய முடியாதவர்களுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும், தீர்வையை நிறுத்திவைக்கவோ வஜா செய்யவோ வேண்டும். சொல் வந்தால் கடமை வரும். அதனால்தான் சொல்லையே வரவிடாமல் தடுக்கத் தோன்றியது. 1943இல் வங்காளத்தில் ஜனங்கள் கல்கத்தாத் தெருக்களில் விழுந்து செத்தபோது பஞ்சம் என்று அரசு கடைசிவரை அறிவிக்கவே இல்லை. விதித்தொகுப்பு அலமாரியிலேயே இருந்தது. பின்னால் வந்த விசாரணை ஆணையம் இறந்தவர்கள் 15 லட்சம் என்றது. அமர்த்தியா சென் அதை ஏறக்குறைய 30 லட்சம் என்று கணித்தார். 1981இல் வந்த அவருடைய நூல், உணவு இல்லாமல் போவது வேறு, இருக்கிற உணவு ஜனங்கள் கைக்கு எட்டாமல் போவது வேறு என்று பிரித்துக் காட்டியது. அதைப் படித்தபோது டெர்த்தின் வேரில் விலை ஒளிந்திருப்பது எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் பஞ்சம் என்ற சொல்லைச் சுற்றிய இந்த இழுபறி மாறவில்லை. 1967 ஏப்ரலில் பீகாரில் சில பகுதிகளைப் பஞ்சப் பகுதிகள் என்று அரசு வெளிப்படையாக அறிவித்தது. அந்தத் துணிச்சலால் நிவாரணம் பெருகியது. அதற்கு நாலு வருஷம் முன்பே மகாராஷ்டிரம் எதிர்த்திசையில் போயிருந்தது. மாநிலத்தில் செல்லுபடியாகும் சட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் ஃபேமின் என்ற சொல்லை நீக்குவதற்கென்றே 1963இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். இனி பஞ்சம் வரும் நிலைமை இல்லை என்பது காரணம். அந்த இடத்தில் ஸ்கேர்சிட்டி உட்கார்ந்தது. பத்து வருஷத்துக்குள், 1972-73இல், மகாராஷ்டிரம் கண்ட வறட்சி அந்த நூற்றாண்டின் கொடிய வறட்சிகளில் ஒன்று. லட்சக்கணக்கானோர் கல் உடைக்கப் போனார்கள். சட்டப்படி அது பஞ்சம் இல்லை.

இதையெல்லாம் படித்த பிறகு செய்தி ஆசிரியரின் தடை எனக்குப் புரிந்தது. ஆனால் நான் வேறு முடிவுக்கு வந்தேன். அரசு சொல்லாததைச் சொன்னதாக எழுதக் கூடாது, சரி. ஆனால் அரசு சொன்ன இலகுவான சொல்லை நாமும் வாங்கி இலகுவாக எழுதிவிட்டுப் போகக் கூடாது. 1985இல் ஒரிசாவின் களஹண்டியிலிருந்து பட்டினிச் சாவுச் செய்திகள் வந்தன. 'பட்டினியால் இறந்ததாகக் கூறப்படும்' என்று ஏஜென்சி எழுதும். அதிகாரிகள் நோயால் இறந்தார்கள் என்பார்கள். நான் இரண்டையும் எழுதிவிட்டு, செய்திக்குள் எங்காவது இருக்கிற அந்த வீட்டின் நிலைமையை, எத்தனை நாளாக அடுப்பு எரியவில்லை என்பதை, முதல் பத்திக்கு ஏற்றிவிடுவேன். தலைப்பில் பஞ்சம் இல்லாவிட்டால் என்ன, வாசகன் தானாகப் பெயர் வைத்துக்கொள்வான்.

வானிலைச் செய்திகள் இன்னொரு பாடம். மழைக்கு வானிலைத் துறை வைத்திருக்கும் சொற்களில் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் எண் இருக்கிறது. வழக்கமான மழையைவிட 19 சதவீதம் வரை குறைந்தால் அது நார்மல். 20 முதல் 59 வரை குறைந்தால் டெஃபிசியன்ட். 60 முதல் 99 வரை போனால் ஸ்கேன்டி. இப்போது அந்தச் சொல்லை எடுத்துவிட்டு லார்ஜ் டெஃபிசியன்ட் என்கிறார்கள். 'பரவலாகக் குறைவு' என்று நாங்கள் பொத்தாம்பொதுவாக எழுதினால், 22 சதவீதம் குறைந்த மாவட்டமும் 58 சதவீதம் குறைந்த மாவட்டமும் ஒன்றாகிவிடும். அதனால் சொல்லுக்குப் பக்கத்தில் எண்ணையும் போட வேண்டும் என்று மேசையில் சண்டை போட்டு வாங்கினேன்.

1987இல் நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழையில் குறைவு 19 சதவீதம். அதைப் பெரும் வறட்சி என்று எல்லோரும் எழுதினோம், அரசும் சொன்னது. அதே 19 சதவீதம் ஒரு மாவட்டத்தில் மட்டும் குறைந்தால் நார்மல். இதில் சூது எதுவும் இல்லை. நாடு முழுவதன் சராசரி அவ்வளவு சீக்கிரம் அசையாது. ஒரு மாவட்டத்து மழை வருஷத்துக்கு வருஷம் எகிறும், இறங்கும். கணக்குப் போடுகிறவர்களுக்கு அது நியாயமான கோடு. ஆனால் பயிருக்கு மூன்று மாதச் சராசரி தெரியாது. ஐப்பசி முழுக்கக் காய்ந்து, கார்த்திகையில் ஒரு புயல் வந்து மூன்று நாளில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போனால் மாவட்டம் நார்மல் ஆகிவிடும். எங்கள் ஊரில் பயிர் அதற்கு முன்பே சாவியாகியிருக்கும். அறிக்கையிலும் தப்பில்லை, அழுகிறவர்களிடமும் தப்பில்லை என்ற நிலை எத்தனையோ முறை வந்திருக்கிறது.

2016இல் டிராட் என்ற சொல்லையே வானிலைத் துறை தன் வழக்கிலிருந்து விலக்கிக்கொண்டது. நாடு தழுவிய குறைவை இனி 'டெஃபிசியன்ட் வருஷம்', 'லார்ஜ் டெஃபிசியன்ட் வருஷம்' என்றே சொல்வோம் என்றது. வறட்சியை அறிவிப்பது மாநில அரசுகளின் வேலை, மழையை அளப்பதுதான் எங்கள் வேலை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அந்த ஆண்டின் கடைசியிலேயே தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 168 மில்லிமீட்டர்தான் பெய்தது. 62 சதவீதம் குறைவு. 1876க்குப் பிறகு இவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவம் இல்லை. அப்பத்தா சொன்ன தாது வருஷத்துக்கு அடுத்தபடி இதுதான். அந்த எண்ணைப் படித்தபோது நான் ஓய்வு பெற்று ஊரில் இருந்தேன். கண்மாய்க்குள் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

2017 ஜனவரியில், அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று மாநில அரசு அறிவித்தது. தீர்வை வஜா. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் இடுபொருள் மானியம். ஆனால் பயிர்ச்சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். முன்பு இந்தக் கோடு 50 சதவீதத்தில் இருந்தது. 2015இல்தான் மத்திய அரசு 33க்கு இறக்கியது. நல்ல மாற்றம், சந்தேகமில்லை.

எங்கள் தெருவில் அந்த எண் ஒரு வாரத்துக்குள் பழகிவிட்டது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட "முப்பத்தி மூணு" என்றார்கள். என் சித்தப்பா மகன் வந்து நின்றான். "அண்ணே, நம்ம வயலு முப்பத்தி மூணு காட்டுமா?" நூறு காட்டும்டா என்றேன். கதிரே வரவில்லை அவனுக்கு. கிராம நிர்வாக அலுவலர் வயல் வயலாக வந்து பார்த்து எழுதினார், நேர்மையாகத்தான் எழுதினார். பட்டா ஒருவர் பெயரில், உழவு இன்னொருவர் கையில் என்று இருந்த இடங்களில்தான் சிக்கல். அவர்களுக்கெல்லாம் நான் மனு எழுதிக் கொடுத்தேன். சர்வே எண், பசலி, பரப்பு, சேத சதவீதம். வாழ்நாளெல்லாம் இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு எழுதியவன், இப்போது ஊர்ப்பேச்சிலிருந்து அலுவலகப் பேச்சுக்கு எழுதினேன். "சாவியாப் போச்சு" என்று அவர்கள் சொன்னதை 'முழு மகசூல் இழப்பு' என்று எழுதினேன். "வானம் ஏமாத்திருச்சு" என்றதற்கு மழைமானி அளவைக் கேட்டு வாங்கி எழுதினேன்.

எல்லாம் முடிந்த பிறகு சித்தப்பா மகன் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். "எல்லாம் சரிண்ணே, பஞ்சம்னு ஒரு வார்த்த போட்ரு." போட்டேன். தாலுகா அலுவலகத்தில் மனுவை வாங்கிப் படித்த எழுத்தர் அந்த இடத்தில் விரலை வைத்து, "ஐயா, இதுக்கு எங்ககிட்ட கட்டம் இல்லையே" என்றார். இருக்கட்டும், அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவரும் அடிக்கவில்லை.

பெரும்பாலானவர்களுக்குப் பணம் வந்தது. வராதவர்களில் குண்டாற்றங்கரை ஓரம் வயல் வைத்திருந்த ஒரு பெரியவரும் ஒருவர். அவருக்குக் கிணறு இருந்தது. ஊர் முழுக்கப் பயிரைக் கைவிட்ட பிறகும் அவர் விடவில்லை. கம்மலை அடகு வைத்து டீசல் வாங்கி இன்ஜின் ஓட்டி, இரவெல்லாம் கண்விழித்துத் தண்ணீர் பாய்ச்சி, பயிரைப் பாதிக்கு மேல் காப்பாற்றிவிட்டார். அவர் வயலில் சேதம் 30 சதவீதம் என்று எழுதப்பட்டது. அது சரியான கணக்கு. டீசலுக்குப் போன காசைக் கழித்தால் விளைந்த நெல்லில் அவருக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் செலவு எவ்வளவு என்று அந்தப் படிவம் கேட்கவில்லை. "காப்பாத்தினது தப்பாத்தா போச்சு அப்பு" என்றார்.

அவருக்காக மாவட்ட ஆட்சியருக்குத் தனியாக ஒரு மனு எழுதினேன். அதில் சதவீதத்தை எழுதவில்லை. டீசல் ரசீதுகள், அடகுக்கடைச் சீட்டு, நெல் விற்ற துண்டு மூன்றையும் நகலெடுத்து இணைத்தோம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எவ்வளவு குறைகிறது என்று கடைசி வரியில் ரூபாயில் எழுதினோம். மக்கள் குறைதீர் நாளன்று அவரோடு பஸ்ஸில் ராமநாதபுரம் போய் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த மாதம் அதே நகல்களோடு மறுபடி போனோம்.